பிள்ளைக்கு என்ன விளங்குது? பிறப்பிலிருந்து ஐந்து வயது வரை: யாழ்ப்பாணத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளினிக் வாங்குகளிலும் முன்பள்ளிப் பெற்றோர் கூட்டங்களிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். வயதுக் கணக்கெல்லாம் ஏறக்குறையத்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இதை யாரும் வாசிக்க வேண்டாம்.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு நாங்கள் கதைப்பது கேட்குமா?

கேட்கும். ஏறக்குறைய ஆறாம் மாதத்திலிருந்து கருவின் காது வேலை செய்கிறது. சொற்கள் தெளிவாகப் போய்ச் சேராது, குரலின் ஏற்ற இறக்கம் சேரும். 1980இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், பைஃபர் என்ற இருவர் பிறந்து மூன்று நாளும் ஆகாத குழந்தைகளின் வாயில் ஒரு சூப்பியை வைத்து, அதை ஒலிப்பதிவுக் கருவியோடு இணைத்தார்கள். ஒரு விதமாகச் சூப்பினால் அம்மாவின் குரல், இன்னொரு விதமாகச் சூப்பினால் வேறொரு பெண்ணின் குரல். குழந்தைகள் அம்மாவின் குரல் வரும் விதமாகவே சூப்பப் பழகிக்கொண்டன.

அதற்காக வயிற்றுப் பிள்ளைக்கு ஆங்கிலமும் கணக்கும் ஊட்டுவதாகச் சொல்லி விற்கும் ஒலிப்பதிவுகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். வீட்டில் வழமையாகக் கதைப்பதே போதும்.

பிறந்த உடனே கண் தெரியுமா?

மங்கலாகத் தெரியும். 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவு. பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரமும் அதுதான்.

"தூக்கித் தூக்கிப் பழக்கினால் பிறகு இறங்காது" என்று மாமி சொல்கிறா. சரியா?

மாமியோடு சண்டை பிடிக்க வேண்டாம், ஆனால் முதல் மாதங்களில் இது சரியில்லை. 1986இல் கனடாவின் மொன்றியலில் செய்த ஓர் ஆய்வில், ஒரு பகுதித் தாய்மாரிடம் குழந்தை அழாவிட்டாலும் நாளுக்குக் கூடுதலாகச் சில மணி நேரம் தூக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். ஆறு கிழமையாகும்போது அந்தக் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே அழுதன. சில மாதக் குழந்தைக்கு "நடித்து அழுது காரியம் சாதிக்கிற" அளவுக்குச் சிந்தனை இன்னும் வரவில்லை. அழுதால் ஆள் வரும் என்பது மட்டும் மெல்ல மெல்லப் பதிகிறது. அப்படிப் பதிந்த பிள்ளைதான் பிறகு தைரியமாகத் தவழ்ந்து தள்ளிப் போய்ப் பார்க்கும். தாய்–சேய்ப் பிணைப்பை ஆராய்ந்த மேரி எய்ன்ஸ்வேர்த் முதலில் உகண்டாக் கிராமங்களிலும் பின்னர் அமெரிக்காவின் பால்ரிமோரிலும் வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதியது இதைத்தான்.

வீட்டில் ஏணை கட்டியிருந்தால் அதில் போட்டும் ஆட்டலாம், தோளில் போட்டும் ஆட்டலாம். அம்மா களைத்துப்போனால் அம்மம்மாவோ அப்பாவோ வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்து பெரிய சிக்கல் அங்கேதான். தூக்க ஆள் இல்லாத வீட்டில்தான் "பழக்காதே" என்ற புத்திமதி கூடுதலாகக் கேட்கிறது.

வாயே திறக்காத பிள்ளையோடு என்னத்தைக் கதைப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் வாசிக்க நேரம் என்றால் இதை வாசியுங்கள்.

மூன்று மாதக் குழந்தையைக் குளிப்பாட்டித் துடைக்கும் ஓர் அம்மம்மாவைக் கவனித்துப் பாருங்கள். "என்ன குஞ்சு, குளிருதோ?" என்பா. அப்புறம் சும்மா இருந்து முகத்தைப் பார்ப்பா. குழந்தை காலை உதைத்து "ங்கூ" என்னும். "ஓமோ? அப்பிடியோ? தண்ணி கூடிப்போச்சோ?" என்று அதற்கும் ஒரு பதில் வரும். திரும்பவும் சின்ன இடைவெளி, திரும்பவும் ஒரு "ங்கூ". குழந்தைக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் நான் ஒருக்கால், நீ ஒருக்கால் என்று உரையாடலின் ஒழுங்கு அங்கே நடந்துகொண்டிருக்கிறது. மொழியும், மற்றவர் மனதை விளங்கிக்கொள்வதும் பின்னால் இந்த ஒழுங்கின் மேல்தான் ஏறுகின்றன.

குழந்தை இதை எவ்வளவு எதிர்பார்க்கிறது என்று 1978இல் எட்வேட் ட்ரோனிக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் காட்டினார்கள். சிரித்து விளையாடிக்கொண்டிருந்த தாயை, திடீரென்று சில நிமிடம் எந்த உணர்ச்சியும் காட்டாமல் வெறித்துப் பார்க்கச் சொன்னார்கள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும். ஒன்றுக்கும் பதில் வராவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்துபோகும், சிலது அழும். பேச்சு வருவதற்குப் பல மாதம் முன்பே "நான் செய்தால் நீ பதில் செய்ய வேண்டும்" என்பது குழந்தைக்குள் இருக்கிறது. போனைப் பார்த்தபடி பால் கொடுக்கும் எல்லோரையும் குற்றம் சொல்ல வரவில்லை. பகல் முழுக்கத் தனியே பிள்ளை பார்க்கிற தாய்க்குப் போன்தான் துணை. ஆனால் பிள்ளை பார்க்கும்போது ஒரு தரம் நிமிர்ந்து பாருங்கள்.

இன்னொன்று. சொற்களை மழையாகப் பொழிவதைவிட மாறி மாறிக் கதைப்பதுதான் முக்கியம். 2018இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளைப் பார்த்தபோது, மூளையின் மொழிப் பகுதியின் செயற்பாடு, பெரியவர்கள் எத்தனை சொல் சொன்னார்கள் என்பதைவிட எத்தனை தடவை மாறி மாறிக் கதைத்தார்கள் என்பதோடுதான் ஒத்துப்போனது.

குழந்தைக் குரலில் இழுத்து இழுத்துக் கதைக்கலாமா?

தாராளமாக. குரலை உயர்த்தி, மெதுவாக, உயிரெழுத்தை நீட்டிக் கதைப்பதைக் குழந்தைகள் விரும்பிக் கேட்கின்றன. சொல் எங்கே முடிகிறது என்று பிடிப்பதற்கும் அது உதவுகிறது. வெட்கப்பட வேண்டியதில்லை, முக்கியமாக அப்பாமார்.

கரண்டியைத் திரும்பத் திரும்பக் கீழே போடுகிறது. குழப்படியா?

எட்டு, ஒன்பது மாதத்தில் அது ஆராய்ச்சி. போட்டால் விழுகிறது, சத்தம் வருகிறது, அம்மா குனிந்து எடுக்கிறா. மூன்றும் ஒவ்வொரு முறையும் நடக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

இந்த வயதில் இன்னொரு வேடிக்கையும் செய்து பார்க்கலாம். ஒரு விளையாட்டுச் சாமானைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே துவாயால் மூடுங்கள். ஐந்து மாதப் பிள்ளை பெரும்பாலும் அதைத் தேடாது. எட்டு, ஒன்பது மாதப் பிள்ளை துவாயை இழுத்துவிடும். அதையே இடப்பக்கத் துவாயின் கீழ் இரண்டு மூன்று தரம் ஒளித்து எடுக்கக் கொடுத்துவிட்டு, பிள்ளையின் கண்முன்னாலேயே வலப்பக்கத் துவாயின் கீழ் ஒளியுங்கள். பிள்ளை பழையபடி இடப்பக்கத்தில்தான் தேடும்! சுவிற்சர்லாந்தின் ஜான் பியாஜே தன் சொந்தப் பிள்ளைகளிடம் கண்டு எழுதியது இது. கண்ணுக்கு மறைந்த பொருள் இருந்துகொண்டுதான் இருக்கிறது என்ற விளக்கம் மெல்லத்தான் வருகிறது என்றார் அவர். 1985இல் ரெனே பயார்ஜோனும் மற்றவர்களும் வேறு வழியில் பார்த்தார்கள். கையால் தேட விடாமல், எவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கிறது என்று அளந்தார்கள். மறைந்த பெட்டியின் ஊடாக ஒரு பலகை புகுந்து போவதுபோலக் காட்டினால் ஐந்து மாதக் குழந்தைகளே கூடுதல் நேரம் பார்த்தன. ஆகவே மனதுக்கு முன்னரே தெரிந்திருக்கலாம், கைக்கு அந்த அறிவு வரத்தான் நாள் எடுக்கிறது. ஆய்வாளர்கள் இதைப் பற்றி இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பல்லுக்கொழுக்கட்டை அன்று எங்கள் மகன் காசை விட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்தான். அர்த்தம் இருக்கிறதா?

முதற்பல் வந்ததும் பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை கொட்டி, முன்னால் பரப்பிய சாமான்களில் எதை எடுக்கிறது என்று பார்க்கும் சடங்கு இது. முதற்பல் வரும் வயது, கையை நீட்டி எட்டிப் பிடிக்கும் வயதும்தான். கிட்ட இருப்பது, பளபளப்பது, பெரிதாக இருப்பது, இவற்றில் ஒன்றைப் பிள்ளை எடுக்கும். தலையில் கொழுக்கட்டை கொட்டிய கையோடு எல்லோரும் ஒரு சாமானைப் பார்த்து "எடு, எடு" என்று கத்தினால் அந்தப் பக்கம்தான் திரும்பும். படத்தை அல்பத்தில் வையுங்கள். டொக்ரர் ஆவானா என்பதைப் பிறகு பார்ப்போம்.

ரொறொன்ரோவிலிருந்து வந்த பெரியம்மா தூக்கினால் வீரிட்டு அழுகிறது. அவவுக்குக் கவலை.

ஏழு, எட்டு மாதத்திலிருந்து ஆள் வேற்றுமை நன்றாகத் தெரியும், அதனால் வரும் பயம். சில மாதங்களில் குறையும். விமான நிலையத்திலிருந்து வந்தவுடனே கையை நீட்டிப் பறிக்காமல், கொஞ்ச நேரம் தள்ளியிருந்து அம்மாவோடு சிரித்துக் கதைக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய ஒரு வயதில் பிள்ளை புது ஆளைப் பார்க்கும், உடனே அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அம்மாவின் முகத்தில் பயம் இல்லை என்றால் தானும் துணியும்.

விரலால் காட்டுவதை ஏன் இவ்வளவு கேட்கிறீர்கள்? கிளினிக்கிலும் அதையே கேட்கிறார்கள்.

நல்லூர்த் திருவிழாவில் அப்பாவின் தோளில் இருக்கும் ஒரு வயதுப் பிள்ளை தேரைப் பார்த்து விரலை நீட்டும். நீட்டிவிட்டு, கீழே குனிந்து அப்பாவின் முகத்தைப் பார்க்கும். அப்பாவும் அங்கே பார்க்கிறாரா என்று உறுதிப்படுத்திக்கொண்டு திரும்பவும் தேரைப் பார்க்கும். அதற்குத் தேர் வேண்டாம், அப்பாவும் தன்னோடு சேர்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். "நான் பார்ப்பதை நீயும் பார்க்கலாம்" என்ற விளக்கம் உள்ளே இருப்பதற்கு இதுதான் முதல் தெளிவான அடையாளம். அந்த நேரம் அப்பா "தேர்! பெரிய தேர்!" என்று சொன்னால் சொல் போய் ஒட்டிக்கொள்ளும். அப்பா ஐஸ்கிறீம் கடையைப் பார்த்துக்கொண்டு வேறெதையோ சொன்னால் ஒட்டாது.

பிள்ளைக்கு எப்போதிருந்து சொல் விளங்குகிறது?

நாங்கள் நினைப்பதைவிட முந்தி. ஆறு முதல் ஒன்பது மாதப் பிள்ளைகளிடம் இரண்டு படத்தைக் காட்டி ஒன்றின் பெயரைச் சொன்னால், சாப்பாட்டுச் சாமான், உடல் உறுப்பு போன்றவற்றில் சரியான படத்தைக் கூடுதல் நேரம் பார்க்கின்றன என்று 2012இல் கண்டார்கள்.

ஒலிகளில் இன்னும் ஆச்சரியம். 1980களின் தொடக்கத்தில் கனடாவில் ஜனற் வேர்க்கர், ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகளுக்கு ஹிந்தியின் இரண்டு ஒலிகளைக் கேட்கக் கொடுத்தார். எங்கள் "த"வுக்கும் "ட"வுக்கும் உள்ள வித்தியாசம் போன்றது அது. ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்கு அந்த வேறுபாடு பிடிபடவில்லை. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பிடிபட்டது. பத்து, பன்னிரண்டு மாதத்தில் அவர்களில் பெரும்பாலோருக்கும் அது போய்விட்டது. வீட்டில் கேட்காத ஒலியைக் காது ஒதுக்கிவிட்டு, கேட்கும் ஒலியில் கூர்மையாகிறது. வெளிநாட்டில் வளரும் பேரப்பிள்ளை வாய் திறக்கும் முன்பே அதன் காதில் தமிழ் விழ வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

அப்படியென்றால் யூரியூப்பில் தமிழ்க் கார்ட்டூன் போட்டுவிட்டால் போதுமே?

போதாது. 2003இல் சியற்றிலில் பற்றீசியா குல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளைச் சீன மொழி பேசுவோரோடு 12 அமர்வுகள் விளையாட விட்டார். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளை நன்றாகப் பிரித்தறிந்தன. அதே ஆட்கள், அதே கதை, ஆனால் திரையில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. திரை பதில் சொல்லாது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு இது: ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு வயது வரையும் வேண்டாம், அதற்குப் பிறகு ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். சோறு தீத்தும்போது போனைப் பிடிக்கும் பழக்கம் ஊரில் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே நாளில் நிறுத்த முடியாது, ஒரு நேரச் சாப்பாட்டில் தொடங்கலாம்.

வீடியோ கோல் வேறு கணக்கு. 2014இல் வந்த ஓர் ஆய்வில், இரண்டு முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகள் நேரில் பழகியபோதும் வீடியோவில் நேரடியாகக் கதைத்தபோதும் புதுச் சொற்களைக் கற்றார்கள். முன்பே பதிந்த வீடியோவில் கற்கவில்லை. ஆகவே அப்பா கட்டாரிலோ இலண்டனிலோ இருந்தால் வட்ஸ்அப்பில் தயங்காமல் எடுங்கள். "சாப்பிட்டியோ, படிச்சியோ" என்று விசாரணை நடத்தாமல், பிள்ளை காட்டுவதைப் பார்த்து அதைப் பற்றியே கதைக்கச் சொல்லுங்கள். இந்தப் பக்கம் அம்மம்மா மடியில் வைத்துக்கொண்டு "அப்பா தொப்பி போட்டிருக்கிறார், பார்" என்று இணைத்துவிட்டால் இன்னும் நல்லது.

வீட்டில் தமிழும் ஆங்கிலமும் கலந்தால் பேச்சுப் பிந்துமா?

பிந்தாது. ஒவ்வொரு மொழியிலும் தனியாக எண்ணினால் சொற்கள் கொஞ்சம் குறையலாம், இரண்டையும் சேர்த்து எண்ணினால் சரிவரும். "அம்மா, மில்க் வேணும்" என்பது குழப்பத்தின் அடையாளம் இல்லை, கைக்கு வந்த சொல்லை எடுக்கிறது. ஆனால் எனக்கு ஓர் ஆவலாதி உண்டு. தங்களுக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் "கம் பேபி, சிற் பேபி" என்று மட்டும் பிள்ளையோடு கதைக்கும் பெற்றோர், பகிடி விடவும் கதை சொல்லவும் தங்களுக்கு முடிந்த மொழியைப் பிள்ளையிடமிருந்து எடுத்துவிடுகிறார்கள். ஆங்கிலம் பிறகும் வரும்.

"ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் கதைப்பான்" என்கிறார்கள். பொறுத்திருக்கலாமா?

ஆண் பிள்ளைகள் சராசரியாகக் கொஞ்சம் பிந்துவது உண்மை. அந்த வித்தியாசம் சின்னது; கீழே சொல்பவற்றுக்கு அதைச் சாட்டாக எடுக்கக் கூடாது. ஒரு வயதில் "பாபா, தாதா" போன்ற ஒலியும் இல்லை, விரலால் காட்டுவதோ கை அசைப்பதோ இல்லை. 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு வயதில் "பால் தா" போலத் தானாக இரண்டு சொல் சேர்ப்பதில்லை. எந்த வயதிலாவது இருந்த பேச்சோ பழக்கமோ இல்லாமல் போகிறது. இதில் ஒன்று இருந்தாலும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். கிளினிக்குக் கொண்டுபோகும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டிலேயே வயதுக்கேற்ற வளர்ச்சிப் படிகள் இருக்கின்றன, நிறை போடும் பக்கத்தோடு அதையும் பாருங்கள். முதலில் காது கேட்கிறதா என்று சோதிப்பார்கள். கதவு அடித்தால் திரும்புகிறானே என்று விட்டுவிட வேண்டாம், சில ஒலிகள் கேட்டுச் சில கேட்காமலும் இருக்கலாம்.

நாக்கில் வசம்பு தேய்த்துப் பேச்சு வராது. தேன், ஒரு வயதுக்குள் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் நஞ்சு குழந்தையின் தசைகளை முடக்கிவிடும்.

சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் இப்போது பிழையாகச் சொல்கிறாள். பின்னால் போகிறாளா?

எப்படிப்பட்ட பிழை என்று பாருங்கள். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி வாசலில் நின்று "மாமா வானான்" என்றாள். முந்தி "வந்தான்" என்று சொன்னவள்தான். போறான் என்றால் போனான். அப்படியென்றால் வாறான் என்றால் வானான்தானே? யாரும் அவளுக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுக்கவில்லை, தானே விதி கண்டுபிடித்துப் போட்டுப் பார்க்கிறாள். "ஓம், மாமா வந்தவர்" என்று சரியானதைச் சாதாரணமாகச் சொல்லி, கதையைத் தொடருங்கள். மாமாவை "வந்தான்" என்றதைத் திருத்துவதும் அதற்குள் அடங்கிவிடும்.

இரண்டு வயதில் ஏன் எதையும் பங்கிட மாட்டேன் என்கிறான்?

ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில்தான் கண்ணாடியில் தெரிவது தான் என்று விளங்குகிறது. "நான்" வந்த கையோடு "என்ரை"யும் வரும். அதே வயதில் இரக்கமும் இருக்கிறது. கை நிறையச் சாமானோடு ஒரு பெரியவர் அலுமாரிக் கதவைத் திறக்க முடியாமல் நின்றால், யாரும் கேட்காமலே 18 மாதப் பிள்ளைகள் போய்த் திறந்துவிட்டதை 2006இல் பதிவு செய்தார்கள். பங்கிடச் சொல்லிப் பறிப்பதைவிட "நீ விளையாடி முடிய அவனுக்குக் குடு" என்று முறை வைப்பது பலிக்கும்.

நாலு வயதில் பொய் சொல்கிறாள். எங்கே பிழை விட்டோம்?

உங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கற் ரின் இருக்கும், உள்ளே நூலும் ஊசியும் தெறியும் இருக்கும். மூன்று வயதுப் பிள்ளையிடம் மூடிய ரின்னைக் காட்டி "உள்ளுக்கு என்ன?" என்று கேளுங்கள். "பிஸ்கற்" என்னும். திறந்து காட்டுங்கள். மூடிவிட்டு, "அப்பா இன்னும் உள்ளுக்குப் பார்க்கேல்லை. அவரைக் கேட்டால் என்ன சொல்லுவார்?" என்று கேளுங்கள். பெரும்பாலான மூன்று வயதுப் பிள்ளைகள் "நூல்" என்பார்கள். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்பு. தான் முதலில் பிஸ்கற் என்று சொன்னதையே ஒத்துக்கொள்ளாத பிள்ளையும் உண்டு. நாலு, நாலரை வயதில் சிரித்துக்கொண்டு "பிஸ்கற் எண்டு சொல்லுவார்" என்பார்கள். 1980களில் ஜோசப் பேர்னரும் மற்றவர்களும் இனிப்புப் பெட்டிக்குள் பென்சில் வைத்துச் செய்த சோதனை இது. மற்றவர் மனதில் பிழையான எண்ணம் இருக்கலாம் என்று விளங்கினால்தான் அப்படி ஒரு எண்ணத்தை உண்டாக்கவும் முடியும். உங்கள் மகளின் பொய் அந்த விளக்கத்தின் மறுபக்கம். பொய்யைக் கண்டியுங்கள், பயந்துபோக வேண்டாம்.

சகோதரங்கள் இருக்கும் பிள்ளைகளுக்கும், "தம்பிக்குக் கோவம் வந்திட்டுது, ஏன் தெரியுமோ?" என்று மனதைப் பற்றிக் கதைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது கொஞ்சம் முந்தி வருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஒரே பிள்ளை உள்ள வீட்டில் மச்சான் மச்சாள்மார் அந்த இடத்தை நிரப்பலாம்.

விஜயதசமிக்கு ஏடு தொடக்கியாயிற்று. மூன்று வயது. இனி எழுதப் பழக்கலாமா?

அரிசியில் விரல் பிடித்து "அ" எழுதியது சடங்கு. அடுத்த நாளே நாலு கோட்டுக் கொப்பியைக் கையில் திணிக்க வேண்டும் என்று எந்தச் சடங்கும் சொல்லவில்லை. மூன்று வயதுக் கைவிரல் இன்னும் பென்சிலுக்குத் தயாராகவில்லை. அகலக் கிளாஸில் இருந்த பாலை ஒடுங்கிய கிளாஸில் ஊற்றினால் பால் கூடிவிட்டது என்று நம்பும் வயது. அந்த நம்பிக்கை மாற ஆறு, ஏழு வயதாகும். அதற்குள் 1 முதல் 100 வரை ஒப்புவிப்பது ஒப்புவிப்புத்தான், எண் இல்லை.

எங்களூரில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் முன்பள்ளி வரை நீண்டு கிடக்கிறது. வீட்டுப்பாடம் தராத முன்பள்ளியை விட்டுப் பிள்ளையை மாற்றிய பெற்றோரை எனக்குத் தெரியும். அந்த முன்பள்ளியில் பிள்ளைகள் மாமரத்தின் கீழ் சிரட்டையில் மண்சோறு சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அம்மா, ஒருவன் மீன்காரன், "விலை கூட, குறையுங்கோ" என்று பேரம். மண்ணைச் சோறாக்குவது, தான் இல்லாத ஆளாக நிற்பது, அந்த ஆள் எப்படிக் கதைப்பார் என்று யோசிப்பது, விளையாட்டின் விதியை மீறாமல் இருப்பது எல்லாம் அங்கே நடக்கிறது. ரஷ்யாவின் வைகோட்ஸ்கி விளையாட்டில் பிள்ளை தன் வயதைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது என்று எழுதினார். தனியே விளையாடும்போது வாய்விட்டுத் தனக்குத்தானே கதைப்பதையும் தடுக்காதீர்கள். அந்தப் பேச்சுத்தான் பின்னால் உள்ளே போய் யோசனையாகிறது என்பதும் அவருடைய கருத்து. தரம் 1க்கு ஐந்து வயதில் போகும் பிள்ளைக்கு எழுத அங்கே வேண்டிய காலம் இருக்கிறது.

"ஏன், ஏன்" என்று உயிரை எடுக்கிறான். எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டுமா?

முடிந்தவரை. பிள்ளைகள் ஆளை மினக்கெடுத்துவதற்காக மட்டும் கேட்பதில்லை. விளக்கம் கிடைத்தால் ஏற்றுக்கொண்டு அடுத்ததற்குப் போகிறார்கள், மழுப்பினால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறார்கள் அல்லது தாங்களே ஒரு காரணத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். தெரியாவிட்டால் "தெரியேல்லை, பார்த்துச் சொல்லுறன்" என்பதும் பதில்தான். நண்டு அவிக்கும்போது "ஏன் சிவப்பாச்சு?" என்று கேட்டால், ஓட்டுக்குள் சிவப்பு முந்தியே இருந்தது, வேறொன்று அதை மூடிப் பிடித்திருந்தது, சூடு பட்டதும் விட்டுவிட்டது என்று சொல்லுங்கள். அடுத்ததாக "அப்ப இறால்?" என்று வரும். அதற்கும் இதே பதில்தான்.